விடுதிக்குப் போகும் மகளின் பெட்டியை யார் அடுக்குவது, எதை விட்டுச் செல்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இன்னும் மூன்று வாரங்களில் கல்லூரி விடுதியில் சேரவிருக்கிறாள். வீட்டை விட்டுத் தனியே தங்குவது அவளுக்கு இதுவே முதல் முறை. பிள்ளையை அப்படி அனுப்புவது எனக்கும் முதல் முறை. பத்து நாள்களாக எங்கள் முன்னறையில் பொருள்கள் குவிந்துகொண்டே இருக்கின்றன. நேற்று எண்ணிப் பார்த்தபோது இரண்டு பெரிய சூட்கேஸ்கள், மூன்று அட்டைப் பெட்டிகள், ஒரு வாளி நிறையச் சில்லறைச் சாமான்கள், இவை எதிலும் அடங்காத ஒரு படுக்கைக் கட்டு ஆகியவை தேறின. ஆனால் அவளுக்கு ஒதுக்கப்பட்ட அறையில் இருவர் தங்க வேண்டும் என்றும், ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு குறுகிய அலமாரி மட்டுமே உண்டு என்றும் விடுதியின் அறிவிப்பில் இருக்கிறது.

நான் எழுதத் தொடங்கிய பட்டியல் நான்கு பக்கங்களைத் தாண்டிவிட்டது. மகள் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து மேசைமேல் வைத்துவிட்டாள். நான் பகலில் அடுக்கி வைப்பதை அவள் இரவில் பிரித்து வேறு விதமாக அடுக்குகிறாள். காலையில் எழுந்து நான் மறுபடியும் மாற்றுகிறேன். இப்படியே போனால் புறப்படும் நாள்வரை இந்த வேலை முடியாது என்று தோன்றுகிறது. பயணத்தின் முதற்பகுதி விமானத்தில், மீதி காரில். எவற்றை அவசியம் கொடுத்தனுப்ப வேண்டும், எவற்றை விட்டுவிடலாம், எப்படி அடுக்கினால் அங்கே போய்த் தேடி அலையாமல் இருக்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். சான்றிதழ்களையும் மருந்துகளையும் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

மறுமொழி 1 (இரண்டு பிள்ளைகளை விடுதிக்கு அனுப்பிய தாய்)

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எங்கள் வீட்டு முன்னறையே கண்முன் வந்தது. மூத்தவனை அனுப்பியபோது நானும் இதையேதான் செய்தேன். அவன் ஆண்டு முடிந்து திரும்பியபோது, நான் ஒட்டி அனுப்பிய அட்டைப் பெட்டி ஒன்று ஒட்டுப்பட்டை கூடப் பிரிக்கப்படாமல் அப்படியே வந்து சேர்ந்தது. அதில் என்ன வைத்தோம் என்பது அவனுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. பத்து மாதங்களாக அது அவன் கட்டிலுக்கு அடியில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

இளையவளுக்கு வேறு வழியில் போனோம். விடுதி அலுவலகத்திடம் கேட்டு அலமாரியின் அகலம், உயரம், ஆழம் மூன்றையும், கட்டிலுக்கு அடியிலுள்ள உயரத்தையும் வாங்கிக்கொண்டோம். அந்த அளவை வீட்டுத் தரையில் ஒட்டுப்பட்டையால் கட்டமிட்டு, சுவரில் உயரத்தையும் குறித்துவிட்டு, அதற்குள் அடங்குபவை மட்டுமே பயணப்படும் என்று அவளிடமே பொறுப்பை ஒப்படைத்தேன். நான்கு பக்கப் பட்டியல் செய்யாத வேலையை அந்தக் கட்டம் ஒரு மாலையில் செய்துவிட்டது. எதை விடுவது என்ற வாக்குவாதம் எனக்கும் அவளுக்கும் இடையே நடக்காமல், அவளுக்கும் அந்தக் கட்டத்துக்கும் இடையே நடந்தது.

துணிகளின் எண்ணிக்கையைத் துவைக்கும் நாள் தீர்மானிக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறை துவைப்பாள் என்றால் உள்ளாடைகளும் காலுறைகளும் பத்து நாள்களுக்குப் போதுமான அளவில் இருக்கட்டும். மேலுடைகள் அதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும். துண்டு இரண்டு, மெத்தை விரிப்பு இரண்டு, தலையணை உறை இரண்டு: ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது மற்றொன்று துவைத்துக் காய வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மெத்தையின் அளவைக் கேட்காமல் விரிப்பு வாங்காதீர்கள். ஒற்றை மெத்தை என்று சொன்னாலும் சில இடங்களில் நீளம் 190 செ.மீ., சில இடங்களில் 200 செ.மீ.க்கும் மேல். மூலைகளில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு பத்து செ.மீ. குறைந்தாலும் இரவெல்லாம் கழன்று வரும்.

பலரும் மறக்கும் ஒன்று, காலியான சூட்கேஸ். பொருள்களை எடுத்து வைத்த பிறகு அந்தப் பெட்டியே ஒரு பொருளாகிவிடுகிறது. கடினமான ஓடுள்ள பெரிய பெட்டிகள் இரண்டை வைக்க அந்தச் சிறிய அறையில் இடமிருக்காது. ஒன்று மட்டும் கடினப் பெட்டியாகவும் மற்றது மடித்து வைக்கக்கூடிய துணிப் பையாகவும் இருப்பது நல்லது. காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பைகளைப் போர்வைகளுக்கு நான் பயன்படுத்தினேன். பருமன் பாதியாகக் குறைந்தது, ஆனால் எடை ஒரு கிராமும் குறையவில்லை என்பதைத் தராசில் வைத்த பிறகுதான் உணர்ந்தேன். உறிஞ்சு கருவி தேவைப்படும் வகையை வாங்கினால் திரும்பி வரும்போது அவளால் மூட முடியாது. கையால் சுருட்டிக் காற்றை வெளியேற்றும் வகையே விடுதிக்கு ஏற்றது.

மறுமொழி 2 (விடுதிக் காப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

அம்மா, சேர்க்கை நாளன்று வாசலில் நின்று பெட்டிகள் இறங்குவதைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

முதலில் விடுதியின் விதிமுறைத் தாளை வரிவரியாகப் படியுங்கள். பெற்றோர் ஆசையாக வாங்கித் தந்து, முதல் நாளிலேயே நாங்கள் வாங்கி வைத்துக்கொள்ள நேர்ந்த பொருள்களில் பெரும்பாலானவை சூடேற்றும் கம்பிச்சுருள் கொண்டவை: தண்ணீரில் முக்கிச் சூடாக்கும் ஹீட்டர், மின் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, கெட்டில். இதில் காப்பாளரின் கெடுபிடி எதுவும் இல்லை, கணக்குதான் காரணம். 230 வோல்ட் மின்சாரம் உள்ள இடத்தில் 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கக்கூடியது ஏறத்தாழ 1,380 வாட். கெட்டில் ஒன்றே 1,500 வாட் இழுக்கும். அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அறைத்தோழியின் முடி உலர்த்தியும் சேர்ந்தால் கம்பி சூடேறுகிறது. அது பெரும்பாலும் மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அனுமதிக்கப்பட்டிருந்தால் தனி ஸ்விட்சும் ஃப்யூஸும் உள்ள தரமான ஒன்றை வாங்கிக்கொடுங்கள். ஒன்றில் இன்னொன்றைச் சொருகக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

சான்றிதழ்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூலச் சான்றிதழ்கள் சரக்கோடு போகும் பெட்டியில் ஒருபோதும் இருக்கக் கூடாது. ஒரே கோப்புறையில், உங்கள் கையிலோ அவள் கையிலோ இருக்க வேண்டும். நகல்களை வேறொரு பையில் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, எளிதில் புரியும் பெயரிட்டு, அவளது மின்னஞ்சலுக்கும் உங்களுடையதற்கும் அனுப்பி வைத்தால் இரவு பத்து மணிக்கு விண்ணப்பம் நிரப்பும்போது தொலைபேசியில் உங்களை எழுப்ப மாட்டாள். பாதுகாப்பு என்று நினைத்து மூலச் சான்றிதழ்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். முத்திரையைத் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய அலுவலர்கள் அவற்றை ஏற்கத் தயங்குவார்கள், பிரித்தால் தாள் கிழிந்துவிடும். வேலை முடிந்ததும் மூலங்களை நீங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவதே நல்லது. பூட்டும் அலமாரியாக இருந்தாலும் விடுதி அறை ஆவணக் காப்பகம் ஆகாது.

மருந்துப் பை சிறியதாக இருக்கட்டும். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து அழகான டப்பாக்களில் போட்டு அனுப்பும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பெயரும் காலாவதித் தேதியும் போய்விடுவதால் அது ஆபத்து. அட்டையோடு வையுங்கள், வழக்கமாக உட்கொள்ளும் மருந்து ஏதேனும் இருந்தால் மருத்துவர் சீட்டின் நகலையும் சேர்த்து வையுங்கள். பாராசிட்டமால் பற்றி ஒரு சீட்டு எழுதி உள்ளே வைப்பது நல்லது: வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளின் மேல்வரம்பு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு; சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அறியாமலே அளவு மீறிவிடும். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களில் ஒரு லிட்டருக்கானவையும் உண்டு, 200 மி.லி.க்கானவையும் உண்டு, பொட்டலத்தின்மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்பது காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் தோன்றாது, முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

துணிகளுக்கு நடுவே பாச்சை உருண்டை போட்டு அனுப்ப வேண்டாம். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அந்த ஆவி இருவருக்கும் தொல்லை. ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, பல பாச்சை உருண்டைகளில் இருக்கும் நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது. அறைத்தோழிக்கு அந்தக் குறைபாடு உண்டா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக மூட்டைப்பூச்சி. சொல்லக் கூச்சப்படுவார்கள், ஆனால் எந்த விடுதிக்கும் இது வரக்கூடியதே. அறைக்குள் நுழைந்தவுடன் பைகளைக் கட்டில்மேல் வைக்காமல், முதலில் மெத்தையின் தையல் ஓரங்களையும் கட்டில் மூலைகளையும் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகள் தென்பட்டால் மெத்தையை மாற்றித் தரும்படி அன்றைக்கே கேளுங்கள். விடுமுறைக்கு வரும்போது துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் அழியும்; அந்தச் சூட்டைத் தாங்காத துணிகளை மட்டும் தனியே பிரித்து வைக்க வேண்டும்.

மறுமொழி 3 (மூன்றாம் ஆண்டு மாணவி)

அம்மா, உங்கள் மகளின் இடத்திலிருந்து எழுதுகிறேன்; தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியைப் பிரிக்கப் போகிறவர்தான் அதை அடுக்க வேண்டும். என் அம்மா மிக அழகாக அடுக்கித் தந்தார்; ஆனால் முதல் வாரம் முழுவதும் நகவெட்டி எங்கே, ஊக்கு எங்கே என்று ஒரு நாளைக்கு நான்கு முறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீல ஜிப் பைக்குள், அதற்குள் இருக்கும் சிறிய பைக்குள்" என்று அவர் சொல்வார். அவருடைய ஒழுங்கு அவருடைய தலைக்குள் இருந்தது. இப்போது ஒவ்வொரு பருவத்துக்கும் நானே அடுக்குகிறேன்; அழகாக இல்லை, ஆனால் இருட்டிலும் கைக்குக் கிடைக்கிறது. அதனால் இரவில் அவள் மாற்றி அடுக்குவதைக் காலையில் நீங்கள் பிரிக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்துவிடும்.

முதல் இரவுக்கென்று ஒரு தனிப் பை கட்டாயம் வேண்டும். சேர்க்கை நாளில் வரிசை, கட்டணம், அறைச்சாவி, உங்களை வழியனுப்புவது எல்லாம் முடிந்து அறையில் உட்காரும்போது இரவாகிவிடும்; அப்போது பெரிய பெட்டியைத் திறக்க உடம்பில் தெம்பிருக்காது. ஒரு மாற்றுடை, துண்டு, விரிப்பு, பல்துலக்கி, சோப்பு, செருப்பு, சார்ஜர், தண்ணீர்ப் புட்டி, பூட்டு, மறுநாள் காலை உடுத்த வேண்டியது ஆகிய இவ்வளவும் அந்தப் பையில் இருந்தால் மற்றவற்றை ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பிரிக்கலாம். பூட்டுக்கு இரண்டு சாவிகள் உண்டா என்று பார்த்து, இரண்டாவதை ஒரே சங்கிலியில் கோக்காமல் வேறிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். என் அறைத்தோழி இரண்டு சாவிகளையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்!

அறைத்தோழியின் எண் கிடைத்தால் அவளையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் பேச வேண்டாம். துடைப்பம், குப்பைக்கூடை, கொடிக்கயிறு, கண்ணாடி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போன்றவை அறைக்கு ஒன்று போதும். எங்கள் அறையில் முதல் நாள் இரண்டு துடைப்பங்களும் இரண்டு குப்பைக்கூடைகளும் எதிரெதிரே நின்றன. சுவரில் ஒட்டும் கொக்கிகளைப் பலர் பரிந்துரைப்பார்கள். எங்கள் சுவரில் அவை வண்ணப்பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழுந்தன. அதற்கு அபராதமும் கட்டினோம். கதவின் மேல்விளிம்பில் மாட்டும் கொக்கிப் பட்டை அந்தத் தொல்லை இல்லாதது.

துவைக்கப் போடும் துணிகளின் உட்புறத் தையலில் அழியாத மையால் பெயரின் முதலெழுத்தையும் அறை எண்ணையும் எழுதிவிடுங்கள். சிறியவற்றுக்கு ஜிப் வைத்த வலைப் பை. ஈரத்துண்டை மடித்து அலமாரிக்குள் வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை மற்ற துணிகளுக்கும் பரவும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இவற்றோடு காதடைப்பான், யார் பட்டியலிலும் இருக்காது, ஆனால் தேர்வு வாரத்தில் அதைத்தான் முதலில் தேடுவாள்.

மறுமொழி 4 (வீடு மாற்றும் தொழிலில் இருப்பவர்)

பெரிய பெட்டியில் புத்தகம் வைக்காதீர்கள். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்றே இரண்டரைக் கிலோ. பெரிய அட்டைப் பெட்டியைப் புத்தகங்களால் நிரப்பினால் தூக்கும்போது அடிப்பகுதி பிளந்துவிடும். புத்தகங்களைச் சிறிய பெட்டியிலோ சக்கரம் வைத்த சூட்கேஸிலோ வைத்து, போர்வையையும் தலையணையையும் பெரிய பெட்டியில் போடுங்கள். சூட்கேஸை நிமிர்த்தி நிறுத்தும்போது கனமானவை சக்கரத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையெனில் கையை விட்டவுடன் சாய்ந்து விழும். அட்டைப் பெட்டியின் மேற்புறத்தில் எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாலும் படிக்கலாம். "உடையும் பொருள்" என்று எழுதியிருப்பதை நம்பி எதையும் வைக்க வேண்டாம். அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை, துணிகளுக்கு நடுவே பொதிந்து வைப்பதே பாதுகாப்பு.

விமானத்துக்கு: எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகவே உங்கள் சீட்டில் உள்ளதைப் பாருங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை என்பது பொது விதி, 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணிதான். ஷாம்பு, எண்ணெய்ப் புட்டிகளின் மூடியைத் திறந்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து மறுபடி மூடினால் ஒழுகாது. எப்படியும் அவற்றைத் தனி ஜிப் பையில் போடுங்கள்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன். விடுதிக்குத் தொலைபேசியில் பேசி அலமாரியின் அளவைக் கேட்டோம்: அகலம் 60 செ.மீ., ஆழம் 50 செ.மீ., உயரம் 180 செ.மீ. தரையில் கட்டம் போட்டவுடன் என் கணவர் சிரித்துவிட்டார். நான் சேர்த்து வைத்திருந்த போர்வைகளே அதை நிரப்பிவிட்டன. மூன்று அட்டைப் பெட்டிகளில் இரண்டைக் கலைத்தாகிவிட்டது. கெட்டிலும் பாச்சை உருண்டையும் பரணுக்குப் போய்விட்டன. முதல் விடுமுறைக்கு வரும்போது எடுத்துப் போகலாம் என்று குளிர்காலத் துணிகளைத் தனியே ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறோம். தேவைப்படாவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

மாணவி எழுதியதை மட்டும் நான் மகளிடம் காட்டவில்லை. ஆனால் நேற்றுக் காலை அவள் அடுக்கியதைத் தொடாமல் விட்டேன். மதியம் பார்த்தபோது, மேசைமேல் கிடந்த என் நான்கு பக்கப் பட்டியலின் பின்புறத்தில் அவள் தன் பட்டியலை எழுதியிருந்தாள். மொத்தம் இருபத்தாறு பொருள்கள். அவற்றில் மூன்று என் பட்டியலில் இல்லை: மாற்றுக் கண்ணாடி, கண் மருத்துவர் எழுதிய அளவுச் சீட்டு, தையல் ஊசி நூல்.

ஒரே ஓர் ஐயம் மீதமிருக்கிறது. சிறுவயது முதல் அவள் தலைக்கு வைத்துக்கொள்ளும் பழைய தலையணையைக் கட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டு, எடுத்துப் போவதா வேண்டாமா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விமானத்தில் அதைக் கைப்பையோடு சேர்த்து எடுத்துச் செல்ல விடுவார்களா?

மறுமொழி 5 (மூன்றாம் ஆண்டு மாணவி)

அது நிறுவனத்தைப் பொறுத்தது அம்மா. சிலர் தலையணையைத் தனிப் பையாகக் கணக்கிடுவார்கள். நான் என்னுடையதைத் தோள்பையின் அடியில் மடித்து வைத்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்துக் கொண்டுபோனேன், யாரும் கேட்கவில்லை. அலமாரியிலும் அது இடம் பிடிக்கவில்லை, கட்டிலில்தானே இருக்கிறது.